முதற் சோறு: கல்முனைக் கரையிற் குழவியுணவின் வரலாறு

வரலாறு என்றதும் நம்மவர் உள்ளத்தில் முடியும் கோட்டையும் போர்க்களமுமே தோன்றுகின்றன. எவ்வரசன் எவ்வாண்டில் எந்நாட்டை வென்றான் என்பதை மனனம் செய்து சோதனை எழுதிய எமக்கும் நெடுங்காலம் அவ்வாறே தோன்றிற்று. ஆயினும் அடுப்படிக்கும் ஒரு வரலாறு உண்டு. தாய்ப்பால் ஒன்றையே அறிந்த குழந்தையின் நாவில் முதன்முறையாக ஒரு பருக்கைச் சோறு படுகின்ற நாளே அவ்வரலாற்றின் முதலேடு.

கேட்பதற்கு இது சிறிய விடயம். ஆனால் அந்நாள் தொடங்கி இரண்டு வயது நிறையும் வரையுள்ள பதினெட்டு மாதங்களிலே ஒரு மனிதனின் எலும்பும் மூளையும் மிக விரைவாக வளர்கின்றன. அக்காலத்தில் நேர்ந்த குறையைப் பின்னர் எத்தனை விருந்து வைத்தாலும் முற்றாக நிரப்புதல் அரிது. ஆதலால், எமது கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் தம் குழந்தைகளுக்கு எதை, எப்போது, எவ்வாறு ஊட்டினர் என்பதையும், அவ்வழக்கம் காலத்தால் எவ்வாறு மாறிற்று என்பதையும் இம்மலரிற் சுருக்கமாக ஆராய முற்படுகின்றோம். பெரியோர் பிழை பொறுப்பாராக. இளைஞர் இதனைப் பெண்களுக்குரிய விடயமென்று தள்ளாதிருப்பாராக.

பண்டை நூல்கள் கூறுவன

தமிழிற் குழந்தையின் உணவைப் பற்றிய நினைவு மிகப் பழையது. மக்கட்பேற்றைப் பாடவந்த திருவள்ளுவர் குழந்தையின் சிறுகை துழாவிய கூழை அமிழ்தத்துக்கும் மேலாக வைத்தார். பாண்டியன் அறிவுடைநம்பி, குறுகுறு நடந்து வந்து உண்கலத்திற் கையிட்டு நெய்ச்சோற்றை உடலெங்கும் பூசிக்கொள்ளும் மக்களைப் புறநானூற்றிலே பாடினான். இவ்விரு புலவர்களும் காட்டுகின்ற குழந்தை தானே கையிட்டு உண்கின்ற குழந்தை. அது பெரியோரோடு ஒரே கலத்திற் கைவைக்கின்றது. ஒன்று கூழ், மற்றையது நெய் சேர்ந்த சோறு. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் இவற்றுக்கு மீண்டும் வருவோம்.

வடமொழி நூல்களும் இதில் தெளிவாயிருந்தன. மனுநூல் ஆறாம் மாதத்திற் சோறூட்டும் சடங்கை விதித்தது. சுசுருத சங்கிதையும் ஆறாம் மாதத்தில் எளிதிற் செரிக்கும் இதமான உணவைக் கொடுக்கச் சொல்கின்றது. இது நம்மவர்க்கு மட்டும் உரிய ஞானமன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வைத்தியம் செய்த எபேசு நகரத்துச் சொரானுசு என்னும் கிரேக்க வைத்தியரும் ஏறக்குறைய ஆறு மாதம் வரை பாலே போதுமென்றும், அதன்பின் மென்மையாக்கிய தானிய உணவைத் தொடங்கலாமென்றும் எழுதினார். ஒருவரையொருவர் கண்டறியாத இருநாட்டு வைத்தியர் ஒரே மாதத்தைக் குறித்தனர் என்றால், அவ்விருவரும் குழந்தையையே உற்று நோக்கினர் என்பது தெளிவு.

மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு வேதாகமக் கதைகளும் பழக்கம். ஈசாக்கு என்னும் பிள்ளை பால் மறந்த நாளிலே அவன் தந்தையாகிய ஆபிரகாம் பெரிய விருந்து செய்தான் என்று ஆதியாகமம் கூறுகின்றது. அதே ஆபிரகாமை இப்ராஹீம் நபி என்று போற்றும் எம் முஸ்லிம் அயலவரின் திருக்குர்ஆனிலே, இரண்டாம் அத்தியாயத்தின் 233 ஆம் வசனம், பாலூட்டலை நிறைவாக்க விரும்புவோர்க்கு முழுமையான இரண்டு ஆண்டுகள் என்று எல்லை குறிக்கின்றது. தாயும் தந்தையும் கலந்தாலோசித்து இருவரும் இசைந்தே பாலை நிறுத்தலாம் என்றும் அவ்வசனம் கூறுகின்றது. தாய்க்கு உணவும் உடையும் அளிக்கும் பொறுப்பைத் தந்தையின் தலையிலே வைக்கின்றது. குழந்தைக்கு ஊட்டுவது தாயின் தனிக்கடமை என்று எண்ணும் ஆடவர் எம்மதத்தவராயினும் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

எமது கரையின் வழக்கம்

பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை நீளும் எமது கரையில் மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்களும், பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் எனத் தமிழ் ஊர்களும் மாலையிற் கோத்த இருநிறப் பூக்கள்போல அமைந்துள்ளன. 1961 ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இவையாவும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. கிழக்கே கடல்; மேற்கே வயல். கல்லோயாத் திட்டத்தின்கீழ் 1950 களில் சேனநாயக்க சமுத்திரத்து நீர் பாய்ந்தபின் நெல் விளைவு மிகுந்தது.

இக்கரையின் குடும்ப அமைப்பிலே ஒரு சிறப்புண்டு. தமிழராயினும் முஸ்லிம்களாயினும் தாய்வழிக் குடிமுறையைக் கைக்கொள்கின்றனர். மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுக்கின்றனர். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்கின்றான். 1969 முதல் அக்கரைப்பற்றிலே தங்கி ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்றே என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர் இம்முறையை விரிவாக எழுதியுள்ளார். இதனால் எமது கரையிற் பிறக்கும் குழந்தைக்கு ஒரு பாக்கியம் கிட்டிற்று. அதன் தாயருகே அவளைப் பெற்ற தாய் இருக்கின்றாள். தமிழ் வீட்டில் அவள் அம்மம்மா. முஸ்லிம் வீட்டில் மூத்தம்மா. பிள்ளைக்கு உணவூட்டும் கலை புத்தகத்தாலன்று, இவர்கள் கையாலேயே தலைமுறை தலைமுறையாகக் கைமாறிற்று.

தமிழ் வீட்டிலே நல்ல நாள் பார்த்துச் சோறு தீற்றுவர். முதற் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலையிற் சொரிந்து அயலாருக்குப் பகிர்வர். முஸ்லிம் வீட்டிலே பிறந்தவுடன் இனிப்பைத் தொட்டு வைப்பர். பேரீச்சம் பழத்தை மென்று குழந்தையின் அண்ணத்திலே தடவும் நபிவழியை ஒட்டியது அவ்வழக்கம். சடங்கு வேறு, சட்டியில் வெந்தது ஒன்றே. சிவப்பரிசிக் கஞ்சி, குரக்கன் கூழ், வறுத்த பயற்று மா, தேங்காய்ப்பால், எருமைத் தயிர், நன்றாக மசித்த சோறு, முள் நீக்கிய மீன், முருங்கையிலை ஆகியவையே இக்கரையின் குழவியுணவு. பாலூட்டும் தாய்க்குப் பால்சுறாவும் பத்தியக் கறியும் சமைத்தனர்.

முன்னோர் செய்தன யாவும் நன்றே என்று கூற யாம் வரவில்லை. தென்னாசியா எங்கும் பலர் செய்தவாறு, நோய் தடுக்கும் சீம்பாலை அழுக்கென்று பீய்ச்சி ஊற்றியவர் இங்கும் உண்டு. சூடு, குளிர், கிரந்தி என்று அஞ்சி மீனையும் முட்டையையும் பழத்தையும் ஒரு வயது கடந்தும் விலக்கியவரும் உண்டு. பிணியும் வறுமையும் கூடிய அக்காலத்திலே தொட்டில்கள் பல வெறுமையாயின. பழைமையைப் போற்றுவோர் இக்கணக்கையும் மறத்தலாகாது.

தகரப்பாலின் வருகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பால் தகரத்திற் புகுந்தது. அமெரிக்காவிலே கேயில் போர்டன் 1856 இற் கட்டிப்பாலுக்கு உரிமை பெற்றார். சுவிற்சலாந்திலே ஹென்றி நெஸ்லே 1867 இற் பாலும் மாவும் கலந்த குழந்தையுணவை விற்றார். தாயற்ற பிள்ளைக்கும் பாலற்ற தாய்க்கும் அது உதவியதை மறுப்பதற்கில்லை. ஆனால் கப்பலேறிக் கீழைத் தேசங்களுக்கு வந்தபோது அது வறியவர் வீட்டிலும் நாகரிகத்தின் அடையாளமாயிற்று.

அதன் விளைவைக் கண்ணாரக் கண்டு குரலெழுப்பியவர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர். மேற்காபிரிக்காவின் பொற்கரை நாட்டில், பால் மறந்தபின் சோளக் கஞ்சியை மட்டும் உண்ட குழந்தைகள் உடல் வீங்கி மடிவதைக் கண்டு, அந்நோயைக் ‘குவாசியோர்க்கர்’ என அந்நாட்டுப் பெயராலேயே 1930 களில் மருத்துவ உலகுக்கு அறிவித்தார். அடுத்த பிள்ளை பிறக்க முதற்பிள்ளை பாலிழந்து அடையும் நோய் என்பது அச்சொல்லின் கருத்து. பின்பு மலாயாவுக்கு வந்த அவ்வம்மையார், இனிப்பூட்டிய கட்டிப்பாலைச் சிசுக்களுக்குக் கொடுக்கத் தூண்டுவதைக் கொலையென்றே 1939 இற் சிங்கப்பூரில் ஒரு சபை நடுவே கண்டித்தார். உலகம் செவிசாய்க்க நாற்பதாண்டுகள் சென்றன. தாய்ப்பாலுக்குப் பதிலான பால்மாக்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதிக்கோவையை உலக சுகாதாரப் பேரவை 1981 மே மாதத்திலே நிறைவேற்றியது.

எமது கரையிலும் சூப்பிப் போத்தல் வந்தது. விலையோ அதிகம், ஆதலால் மூன்று கரண்டி இடவேண்டிய இடத்தில் ஒரு கரண்டி. நீரோ கிணற்று நீர். கொதிக்க வைக்க விறகில்லாத நாளும் உண்டு. குழந்தைக்குக் கிடைத்தது வெண்ணிறத் தண்ணீரும் வயிற்றோட்டமுமே.

அரசும் மருத்துவ மாதும்

இலங்கையிலே 1926 இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. தாயையும் சேயையும் வீடுதேடிச் சென்று காணும் மருத்துவ மாதின் சேவை அவ்வழியே நாடெங்கும் பரவிற்று. அதற்கிடையில் 1934, 1935 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் ஏறக்குறைய எண்பதினாயிரம் உயிர்களைக் கவர்ந்தது. நோயோடு பசியும் சேர்ந்தே பலரைக் கொன்றது என்பதை அக்கொடுமை உணர்த்திற்று. 1935 இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1946 இல் அத்தொகை 141 ஆகவும், 1947 இல் 101 ஆகவும், 1950 இல் 82 ஆகவும் குறைந்தது. மலேரியாவை ஒடுக்கிய டீ.டீ.ரீ. மருந்தும், இலவச வைத்தியமும், 1942 முதல் வந்த பங்கீட்டரிசியும், பெண் கல்வியும் கூடி இதனைச் சாதித்தன. இன்று அவ்வெண் அதனினும் மிகக் குறைந்துள்ளது. இது இந்நாட்டின் பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆனால் உயிர் பிழைத்த குழந்தை நன்கு வளர்ந்ததா என்பது வேறு கேள்வி. உணவுத் தட்டுப்பாடு நாட்டை வாட்டிய 1973 ஆம் ஆண்டிலே அமெரிக்க உதவியுடனும் ‘கெயார்’ நிறுவனத்தின் துணையுடனும் திரிபோஷத் திட்டம் தொடங்கிற்று. சோளமும் சோயாவும் கலந்து, விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்த்து ஆக்கிய அம்மா, பின்னர் ஜா-எலவிலே இந்நாட்டிலேயே உற்பத்தியாயிற்று. 750 கிராம் பொதியாகக் கிளினிக்கிற் கொடுக்கப்படும் அதனை உருட்டிச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சேர்த்துத் தின்னாத பிள்ளை எம் தலைமுறையில் அரிது. வறுமை மிக்க வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்த பொதியை நான்கு பிள்ளைகள் பகிர்ந்துண்பதும் உண்டு. அதனைக் குற்றமென்று யார் கூறுவார்?

கடல் கடந்த தமிழகத்திலும் இதுபோன்ற முயற்சி நிகழ்ந்தது. பாடசாலை மதிய உணவைக் காமராசர் 1956 இற் பரப்பினார்; 1982 இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக அதனை விரித்தார். ஆயினும் பாடசாலைக்கு வரும் வயதிற் பாதிக் காரியம் முடிந்துவிடுகின்றது என்பதை உணர்ந்து, 1980 இலே அங்கு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளையே நாடிற்று. மாதந்தோறும் நிறுத்து, நிறை ஏறாத குழந்தைக்குத் தொண்ணூறு நாள் துணையுணவு கொடுத்து, தாய்க்கும் அதனைக் கற்பித்தனர்.

எம் வீட்டில் நிகழ்ந்தது

ஊராரைப் பற்றி எழுதும் யாம் எம் வீட்டை மறைத்தல் முறையன்று. எம் அக்காவின் மகனுக்கு ஆறாம் மாதத்திலே கோயிலிற் சோறு தீற்றினோம். பட்டுத் துணி, வெள்ளிக் கிண்ணம், படப்பிடிப்பு என எல்லாம் சிறப்பாக நடந்தேறின. சுற்றத்தார் வாழ்த்தினர். மறுநாள் முதல் அப்பிள்ளை உண்டதோ தேத்தண்ணீரில் நனைத்த விசுக்கோத்தும், வடித்த கஞ்சித் தண்ணீருமே. தொண்டையில் அடைக்கும் என்று அக்காவுக்கு அச்சம். முதலாவது பிள்ளையல்லவா?

பத்தாம் மாதத்திலே மருத்துவ மாது வீட்டுக்கு வந்தார். அவர் அயலூர் முஸ்லிம் பெண்மணி. எம் அக்காவின் பிரசவக் காலம் முதல் எம் குடும்பத்துக்கு உறவு போன்றவர். கிளினிக் கொப்பியை விரித்து நிறைக்கோட்டைக் காட்டினார். ஆறாம் மாதம் வரை பச்சை நிறப் பாகத்தில் நிமிர்ந்து ஏறிய கோடு, அதன்பின் கிடையாகச் சாய்ந்து கிடந்தது. பட்டுத் துணியும் வெள்ளிக் கிண்ணமும் அக்கோட்டிலே பதியவில்லை. சர்வகலாசாலையிற் படிக்கின்ற யாம் அக்கொப்பியை நான்கு மாதமாக ஒருமுறையேனும் திறந்து பார்த்தோமில்லை என்று வெட்கினோம்.

அம்மம்மாவுக்குக் கோபம் வந்தது. “நான் வளர்த்த பிள்ளைகளுக்கு ஆரும் கோடு கீறிப் பார்க்கயில்ல” என்றார். மருத்துவ மாது சிரித்து, “நீங்க அவங்களுக்கு என்ன தீத்தினீங்க, அதச் சொல்லுங்கம்மா” என்றார். அம்மம்மா குரக்கனை முளைக்கட்டி வறுத்து இடித்ததையும், தேங்காய்ப்பால் விட்டுக் களியாகக் கிண்டியதையும், மீனை முள்ளெடுத்து மசித்ததையும் விரிவாகக் கூறினார். “அதத்தானம்மா நாங்களும் கிளினிக்கில சொல்லுறம். என்ட மூத்தம்மாவும் அப்பிடித்தான் தந்தா” என்றார் அவர். எம்மைப் பார்த்து அம்மம்மா, “தண்ணிக் கஞ்சி வயித்த நிரப்பும் மனே, பிள்ளைய வளக்காது” என்றார். அறிந்தவர் வீட்டிலேயே இருந்தார். கேட்பாரில்லாமையால் அவர் சொல்லவில்லை. மறுநாள் உலக்கையும் உரலும் வெளியே வந்தன. பிள்ளையின் முதலாவது பிறந்தநாளளவிற் கோடு மீண்டும் நிமிர்ந்தது.

பழைமையும் விஞ்ஞானமும்

அம்மம்மாவின் சொல்லை இன்றைய விஞ்ஞானம் மெய்ப்பிக்கின்றது. ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பால் தொடர வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. தாயிடமிருந்து கருவிலே பெற்ற இரும்புச்சத்து அக்காலத்திற் குறைந்துவிடுகின்றது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் 300 கலோரியும், ஒரு வயதுக்குப் பின் 550 கலோரியும் உணவிலிருந்து வரவேண்டும் எனக் கணித்துள்ளனர். குழந்தையின் வயிறோ சிறியது. கஞ்சித் தண்ணீரால் அதனை நிரப்பினால், வயிறு நிறையும். உடல் பட்டினி கிடக்கும்.

ஆகவே கரண்டியிலிருந்து வழிந்தோடாத தடிப்பே உணவுக்கு இலக்கணம். தேங்காய்ப்பாலோ நல்லெண்ணெயோ நெய்யோ ஒரு கரண்டி சேர்த்தால், அளவு பெருகாமலே சத்துப் பெருகும். பாண்டியன் கண்ட நெய்ச்சோற்றின் பெருமை இதுவே. முளைக்கட்டிய தானிய மாவைச் சிறிது சேர்த்தால், அதிலுள்ள நொதியம் மாச்சத்தை உடைத்துத் தடித்த கூழை இளக்குகின்றது. நீர் ஊற்றாமலே கூழ் விழுங்க எளிதாகின்றது. வள்ளுவர் போற்றிய கூழைக் கிண்டுவதற்கு இதனினும் சிறந்த வழி உண்டோ? மீனும் முட்டையும் ஆறு மாதத்துக்குப் பின் மசித்துக் கொடுத்தற்குரியன. மாறாக, முன்னோர் தொட்டு வைத்த தேன் மட்டும் ஒரு வயதுக்குமுன் ஆகாது. சிசுக்களுக்கு ஆபத்தான கிருமி அதில் இருக்கக்கூடும். இவ்வாறு கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுதலே அறிவு.

இளைஞர் செய்யத்தக்கது

2016 ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரமின்றியும், பதினைந்து பேர் உயரத்துக்கேற்ற நிறையின்றியும் இருந்தனர். 2021 இற் செயற்கை உரத்தைத் தடுத்ததால் வயல்கள் வாடின. 2022 செப்டெம்பரிலே கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஏறியது. சோளம் கிடையாமையாற் திரிபோஷவும் தடங்கலுற்றது. பெரியவர்கள் ஒருவேளை உணவைக் குறைத்துச் சமாளித்தனர். பத்து மாதக் குழந்தைக்கு அவ்வாறு காத்திருக்க இயலாது.

இக்கரை பலவற்றைக் கண்டது. 1978 நவம்பரிற் புயல், நெடிய போர், 2004 டிசம்பர் 26 இற் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை இம்மாவட்டத்திற் காவுகொண்ட ஆழிப்பேரலை. ஊருக்கும் ஊருக்குமிடையே எழுந்த மனக்கசப்புகளையும் கண்டது. ஆயினும் அடுப்படியில் அன்றும் இன்றும் வேற்றுமையில்லை. சோற்றை மசிக்கும் கைக்கு மதம் தெரியாது.

எனவே எம் சங்கத்தின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள அம்மம்மாக்களையும் மூத்தம்மாக்களையும் தேடிச் சென்று, அவர்கள் அறிந்த குழவியுணவுகளை எழுதித் தொகுப்போம். மருத்துவ மாதுகளின் அறிவுரையைக் கேட்டு, கொள்ளத்தக்கவற்றைச் சிறு நூலாக்கி, தமிழ் வீடு முஸ்லிம் வீடு என்று பாராது கொடுப்போம். குரக்கனும் பயறும் சிவப்பரிசியும் இடித்த சத்துமாவை வறிய வீடுகளுக்கு மாதந்தோறும் வழங்குவோம். எல்லாவற்றுக்கும் முதலாக, நம் வீட்டுக் கிளினிக் கொப்பியை நாமே திறந்து பார்ப்போம்.

காரைதீவிலே 1892 இற் பிறந்த சுவாமி விபுலானந்தர் மக்கட் சேவையை மகேசன் சேவையாகக் கொண்டு வாழ்ந்தார். அப்பெரியாரின் மண்ணிலே சோறு தீற்றும் சடங்கு ஒருநாட் படப்பிடிப்போடு முடிதல் தகாது. அன்று தொடங்கிய ஊட்டல் அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், இரண்டு வயது நிறையும் வரை குறைவறத் தொடர்வதே முதற் சோற்றின் பொருள். அவ்வாறு தொடரின் இக்கரையின் குழந்தைகள் நிமிர்ந்து வளர்வர்.

வாழ்க குழவியர்! வளர்க எம் ஊர்கள்!